மீன் குறி போட்ட நெல்

என் தங்கை புருஷன் ஏழுமலையை ஊர் கூடித் திருடன் என்று சொன்னது. அவர் திருடவில்லை என்று அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரியும். என்னைக் கேட்டார்கள். நான் பொய் சொன்னேன்.

இந்தத் தொடரில் போன வாரம் புதுச்சேரியில் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். பிரெஞ்சில் முதல் பரிசு வாங்கியது, பாதிரியார் என் கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்தது எல்லாம் அதில் வந்தன. ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐயா, உங்கள் வாழ்க்கையில் தலைகுனிவே கிடையாதா?" கிண்டலாகத்தான் கேட்டிருக்கிறார். அதனால் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

ஓர் ஆடி மாதக் காலை. காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. ஏழுமலையின் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஊர் முழுக்க நின்றது. நடுவில், வைக்கோல் பிரி சுற்றி ஆள் உயரத்துக்கு எழுப்பிய நெல் சேர். அதன் வாயில் பூசியிருந்த மண்ணை ஊர்ப் பெரியவர் கோவிந்தசாமி கொத்திப் பெயர்த்தார். மேலாக இருந்த நெல்லை இரண்டு கையாலும் ஒதுக்கினார். உள்ளே கையை முழங்கை வரை விட்டு ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்து விரித்தார்.

பதர். ஒரு மணிகூட இல்லாத வெறும் பதர்.

காற்று அதை அவர் உள்ளங்கையிலிருந்து தூக்கியது. நின்றவர்களின் தலைமுடியிலும் மீசையிலும் ஒட்டியது. யாரும் தட்டிவிட்டுக்கொள்ளவில்லை.

ஏரியின் பங்கு

எங்கள் ஊர் பாகூர்ப் பக்கம். பிரெஞ்சுக்காரர் ஆட்சி. ஏரியை நம்பித்தான் நெல், ஏரியை நம்பித்தான் கரும்பு. கரையைச் சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் காத்திருந்ததில்லை. தை, மாசியில் களத்தில் நெல் அளக்கும்போது, நிலக்காரருக்கும் பயிரிட்டவருக்கும் வாரம் பிரிப்பதற்கு முன்பே, ஒவ்வொரு களத்திலும் ஏரிக்கென்று சில மரக்கால் தள்ளி வைப்பார்கள். பெரிய பண்ணையும் போடும், அரைக்காணிக்காரனும் போடுவான்.

அந்த நெல்லை ஒரே சேரில் கொட்டி, வாயை மண்ணும் சாணியும் குழைத்துப் பூசி, ஈரம் காய்வதற்குள் சாம்பல் தொட்ட மரப்பலகையால் குறி அழுத்துவார்கள். பலகையில் ஒரு மீன் செதுக்கியிருக்கும். வருஷத்துக்கு ஒரு குடும்பம் முறை வைத்து அந்தப் பலகையையும் சேரையும் காக்க வேண்டும். ஆடியில் எல்லார் முன்னிலையிலும் சேரைத் திறந்து, கரைக்கு மண் போடுகிறவர்களுக்குக் கூலியாக அளப்பார்கள். கூலி வாங்குகிறவர்கள் ஏரிக்குக் கீழே தாழ்வில் குடிசை போட்டிருந்த கூலிக்காரர்கள். வருஷத்தில் அந்த மாதந்தான் அவர்கள் வீட்டில் இரண்டு வேளை அடுப்பு எரியும்.

இதற்குக் கணக்கு எழுதும் வழக்கம் இல்லை. எவ்வளவு விழுந்தது என்று காக்கிறவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள். மீன் கலையாமல் இருந்தால் நெல் இருக்கிறது என்று அர்த்தம். குறிப்பலகையை வைத்திருக்கிறவனே குறியை உடைத்து மறுபடி போடலாம் என்ற எண்ணம் அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதில்லை. படித்தவன் எனக்குத்தான் தோன்றியது.

அந்த வருஷம் முறை ஏழுமலையுடையது.

இறந்தவர் போட்ட வோட்டு

புதுச்சேரியில் 'கொன்சேய் ழெனெரால்' என்று ஒரு சபை இருந்தது. இன்றைய சட்டசபை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தேர்தல் வந்தால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வயல் வேலை நின்றுவிடும். சதாசிவம் என்ற நிலக்காரர் அதில் நின்றார். அவருக்கு எழுத்து வேலை செய்ய, பிரெஞ்சில் விண்ணப்பம் தயாரிக்க, கூடவே வண்டியில் போக ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் போனேன். ஜெயித்தால் மேரியில், அதாவது நகராட்சி மாதிரியான கொம்யூன் அலுவலகத்தில், எனக்குக் குமாஸ்தா வேலை என்று பேச்சு.

தேர்தல் எப்படி நடந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆண்களுக்கு மட்டும் வோட்டு. வோட்டுச் சீட்டுகளைக் கட்சிக்காரர்கள் முன்கூட்டியே வீடு வீடாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெட்டி இருக்கும் மேசையை எவனுடைய தடியாட்கள் சுற்றி நிற்கிறார்களோ அவன் பக்கம்தான் பெட்டி நிரம்பும். என் தகப்பனார் காலமாகிப் பல வருஷம் ஆகியும் சதாசிவத்துக்கு வோட்டுப் போட்டார். அதை ஒரு வேடிக்கையாக நானே நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

தடியாட்களுக்குக் கூலி வேண்டும். சாராயம், கறிச்சோறு, வாணவேடிக்கை, தாரை தப்பட்டை, புது வேட்டி வேண்டும். இதற்கெல்லாம் நன்கொடை வாங்க நானும் சதாசிவத்தோடு அலைந்தேன். சாராயக்கடைக் குத்தகைக்காரர் கொடுத்தார். குத்தகை கைவிட்டுப் போகக்கூடாது. பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் கொடுத்தார். அவருடைய எல்லைத் தகராறு நிலுவையில் இருந்தது. கொடுத்த ஒவ்வொருவருக்கும் சதாசிவத்திடம் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

தேர்தலுக்குச் சில நாள் முன்பு பணம் தீர்ந்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரர் டவுனிலிருந்து புதிதாக ஆட்களை இறக்கிவிட்டார் என்று செய்தி. சதாசிவம் முன்கூடத்தில் வெற்றிலை மடித்தபடி என்னிடம் சொன்னார்.

"தம்பி, ஒங்க ஊரு சேர்ல நெல்லு தூங்கிக்கினு இருக்குதே. ஆடி வரைக்கும் அதுக்கு இன்னா வேல?"

"அது ஏரி நெல்லுங்க ஐயா."

"நான் வேணான்னா சொல்றன்? ஜெயிச்சேன்னு வையி, ஆனி மாசத்துக்குள்ள ரெண்டு பங்கா ரொப்பிடறேன். சர்க்காரு பணத்துல கரைக்குக் கல்லே கட்டிடலாம். ஏரி நெல்லு ஏரிக்குத்தானப்பா போவுது, கொஞ்சம் சுத்திக்கினு போவுது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

தேர் நாள்

வில்லியனூர்த் தேர் அன்று ஊரே காலியாக இருந்தது. வண்டிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததால் ஒரு வண்டி கூடுதலாகப் போனதை யாரும் கவனிக்கப் போவதில்லை. அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது நான்.

ஏழுமலை நல்ல உழைப்பாளி. கொஞ்சம் பேச்சு. படித்த மச்சான் இருப்பதில் அவருக்குப் பெருமை. சந்தையில் யாரிடமாவது வாய்ச்சண்டை வந்தால், "எங்க மச்சான் பிரெஞ்சுலயே ஒன்ன திட்டுவாரு, புரியக்கூட புரியாது ஒனக்கு" என்பார். அன்று சேரைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார்.

"மச்சான், ஆனிக்குள்ள வந்துடும் இல்ல?"

"வந்துடும் மாப்பிள. அவரு வாயால சொன்னாரு."

"வரலன்னா?"

"வரலன்னா நான் சொல்றேன், நான்தான் வாங்கினேன்னு. போதுமா?"

குறியை அவரால் உடைக்க முடியவில்லை. கடப்பாரையை வாங்கி நான்தான் உடைத்தேன். நெல்லை மூட்டை பிடித்து சதாசிவத்தின் வண்டிக்காரனும் நாங்களும் ஏற்றினோம். களத்து ஓரத்தில் கிடந்த பதரை வாரிச் சேருக்குள் கொட்டி, மேலே ஒரு சாண் உயரத்துக்கு நெல் பரப்பினோம்.

என் தங்கை பூங்காவனம் மண்ணும் சாணியும் குழைத்துக் கொண்டுவந்தாள். கையில் சேறு வழிய நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்.

"அண்ணே, எங்க வூட்டு பேரு கெட்டுடாதே?"

"நான் இன்னாத்துக்கு இருக்கேன்?" என்றேன்.

ஏழுமலை சாம்பல் தொட்டு மீனை அழுத்தினார். பழைய குறி இருந்த இடத்திலேயே சரியாக விழுந்தது.

இரண்டு நிறச் சோறு

தேர்தலுக்கு முந்தைய நாள் சதாசிவம் வீட்டுத் தோட்டத்தில் பந்தி. தடியாட்கள், வண்டிக்காரர்கள், தாரை அடிப்பவர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை தெரு முனை வரை வந்தது. டவுன் ஆள் ஒருவன் இலையைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவனிடம் கேட்டான்.

"இன்னாடா சோறு இது, செவப்பும் வெள்ளையுமா கீது?"

"கொழம்ப ஊத்துடா. எல்லாம் ஒரே நெறமாயிடும்."

ஏரி நெல் பல களங்களின் நெல். ஒருவர் வெள்ளைச் சம்பா போட்டிருப்பார், இன்னொருவர் சிவப்பு. கலந்து குத்தினால் அப்படித்தான் வரும். பரிமாறியவன் என் இலையிலும் போட்டான். பசி. சாப்பிட்டேன். மறுசோறும் வாங்கினேன்.

சதாசிவம் ஜெயித்தார். ஆனி பிறந்தது. எனக்கு வேலை உத்தரவு வந்தது. நெல் வரவில்லை.

ஆனி முடியும் தறுவாயில் அவரைப் போய்ப் பார்த்தேன்.

"எந்த நெல்லு?" என்றார் முதலில். பிறகு, "தேர்தலுக்குக் குடுத்தது உண்டியல்ல போட்ட மாதிரி தம்பி. சாமிகிட்ட யாராவது திருப்பிக் கேப்பாங்களா?"

"ஆடியில சேரத் தொறப்பாங்க ஐயா. ஏழுமலை மாட்டிக்குவாரு."

"நீ மாட்டிக்கலியே? மேரிக்குப் போய் நாலு நாளுகூட ஆவல. யோசிச்சுப் பேசு."

யோசித்தேன். வரும் வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சட்டை போட்டுக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தவன் நான். என்னிடம் இருந்த நிலத்தின் பேரில் கடன் வாங்கியாவது சேரை நிரப்பியிருக்கலாம். அந்த எண்ணம் வந்தது. அதை அப்போதே ஒதுக்கிவிட்டேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கேட்டார்கள், சொன்னேன்

இனி அந்த ஆடி மாதக் காலைக்கு வருகிறேன்.

கோவிந்தசாமி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஏழுமல, இன்னாப்பா இது?"

ஏழுமலை என்னைப் பார்த்தார். என்னை அவர் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்கு வெளியே, வேப்பமரத்தடியில், சதாசிவத்தின் ஆட்கள் நான்கைந்து பேர் கையில் தடியோடு சும்மா நின்றிருந்தார்கள்.

"மச்சானக் கேளுங்க," என்றார் ஏழுமலை கடைசியில்.

கோவிந்தசாமி என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. படிச்சவன்."

நான் சொன்னேன்: "மாப்பிள தேர்தலுக்கு நெல்லு குடுத்தாரு, உண்மதான். அவரு வயல்ல வெளஞ்சதுன்னு சொன்னாரு. நானும் அப்படித்தான் நெனச்சி வாங்கினேன். ஏரி நெல்லுன்னு எனக்குத் தெரியாது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூங்காவனம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். அதிலிருந்தும் பதர் பறந்தது.

அவருடைய உழவு மாடு இரண்டையும் ஊர் பறித்துக்கொண்டது. நீர் முறையிலிருந்து அவரை விலக்கியது. குறிப்பலகையைக் கோவிந்தசாமி வாங்கிக்கொண்டு போனார்.

கார்த்திகை

கூலி நெல் இல்லாததால் அந்த ஆடியில் கரைக்கு மண் விழவில்லை. பனைமரங்களுக்குப் பக்கத்தில் கரை கொஞ்சம் இறங்கியிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

கார்த்திகை மழையில் ஒரு மத்தியானம் அந்த இடம் சரிந்தது. சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் அப்போது அலுவலகத்தில் இருந்தேன். கதிர் வாங்கி நின்ற வயல்கள் மேல் மணல் ஏறியது. தாழ்விலிருந்த மண்சுவர்கள் கரைந்தன. கூலிக்காரர்கள் பலர் பானை சட்டியைத் தூக்கிக்கொண்டு மடுகரை வழியாக எல்லை தாண்டி இங்கிலீஷ் பக்கம் வேலை தேடிப் போனார்கள். அவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. அவர்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது. அப்போதும் தெரியாது.

உடைப்பைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. நல்ல பிரெஞ்சில் நான்தான் எழுதினேன். அளவுக்கு மீறிய மழை என்று எழுதினேன். சதாசிவம் வந்து மூன்று நாள் கஞ்சி ஊற்றினார். அடுத்த தேர்தலில் அந்தக் கஞ்சியைச் சொல்லி வோட்டுக் கேட்டார்.

மணல் மூடிய நிலத்தை விட்டுவிட்டு ஏழுமலையும் பூங்காவனமும் வில்லியனூருக்குப் போய்விட்டார்கள். அவர் ரயிலடியில் மூட்டை தூக்கினார். அவள் பொரி வறுத்து விற்றாள்.

சொல்லப் போனேன்

சதாசிவம் இறந்து இரண்டு மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்கு வாய் வந்தது. அவர் இருந்தவரை நான் திறக்கவில்லை. இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை.

ஓர் ஆடியில் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தேர் நாள், கடப்பாரை, பதர், என் பொய். காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

கோவிந்தசாமிக்கு அப்போது கண் மங்கிவிட்டது. என் குரல் வந்த திசையைப் பார்த்துப் பேசினார்.

"தெரியும்பா. அன்னிக்கே தெரியும்."

"தெரியுமா?"

"அத்தன மூட்ட வண்டியேறிப் போனா தெரியாதா? அந்தச் சோத்த எங்க ஆளுங்களும்தான் தின்னுட்டு வந்தாங்க, ரெண்டு நெறமா கீதுன்னு வந்து சொன்னாங்க. சதாசிவத்தக் கேட்டா அவன் ஆளுங்க மண்டய ஒடைப்பானுங்க. ஒன்னக் கேட்டோம், நீ சொல்லல. ஏழுமலயத் திட்டறதுக்கு தைரியம் தேவப்படல."

பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் கேட்டான்: "இப்ப எதுக்குங்க இத்த சொல்றீங்க? அடுத்த தேர்தல்ல நிக்கப் போறீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். கோவிந்தசாமியும் சிரித்தார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

வில்லியனூர்

மறுநாளே போனேன். ரயிலடிக்குப் பின்னால் ஒற்றை அறை. ஏழுமலை வாசலில் குந்தி முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கி ஒரு தோள் இறங்கிவிட்டிருந்தது. உள்ளே மணல் சட்டியில் பொரி வெடிக்கும் சத்தம்.

ஊரில் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"சொல்லிட்டீங்களா. சரி."

என் பங்கு நிலத்தைத் தங்கை பேருக்கு எழுதித் தருகிறேன், ஊருக்கு வாருங்கள் என்றேன். உள்ளிருந்து பூங்காவனத்தின் குரல் வந்தது. "மண்ணு வேணாண்ணே. மண்ணு மேல மணலு ஏறினத நாங்க பாத்தவங்க."

ஏழுமலை சொன்னார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு மச்சான். ஒரு வருசம் குறிப்பலகைய ஊரு எங்கையில குடுக்கட்டும். ஒரே வருசம். காத்து, தொறந்து காட்டிட்டு, திருப்பிக் குடுத்துட்டு இங்கயே வந்துடறன்."

இது முடியும் என்று நினைத்தேன். சந்தோஷமாகவே ஊருக்குத் திரும்பினேன்.

முடியவில்லை. சேரில் பதர் கண்ட அந்த ஆடிக்குப் பிறகு எங்கள் ஊரில் ஏரிக்கென்று நெல் ஒதுக்குவதே நின்றுபோயிருந்தது. மேரியில் உட்கார்ந்திருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. "யாரு காப்பாங்க, யாரு தொறப்பாங்க?" என்றார்கள். உடைந்த கரையை அவரவர் வயலுக்கு எதிரே அவரவர் அடைத்திருந்தார்கள். பலகையைக் கேட்டேன். கோவிந்தசாமியின் மருமகள் தேடிப் பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் அடுப்பில் போட்டிருப்பார்கள் என்றாள்.

அந்தத் தையில் என் வயல் நெல்லில் கொஞ்சத்தை ஏரிக்கென்று களத்தில் தனியாகக் குவித்தேன். வேறு யாரும் ஒரு மரக்கால்கூடப் போடவில்லை. இரண்டாம் நாள் யாரோ ஒரு கட்சியின் ஆள் சைக்கிளில் வந்து இறங்கி, "ஏரி நெல்லு சும்மா கீதாமே?" என்று கேட்டான். குவியலை அன்றே வாரி வீட்டில் போட்டேன்.

தச்சரிடம் சொல்லிப் பலா மரத்தில் ஒரு புதுப் பலகை செய்வித்தேன். பழைய அளவு, அதே மீன். அதை எடுத்துக்கொண்டு வில்லியனூர் போனேன். ஊர் கொடுக்கவில்லை, நான்தான் கொண்டுவந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். ஏழுமலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீனின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"புதுசா கீது," என்றார். சுவரோரம் சாய்த்து வைத்தார். அதைப் பற்றி அதன் பிறகு அவர் பேசவே இல்லை. சில வருஷம் கழித்து, மூட்டையோடு ரயிலடிப் படியில் விழுந்து, எழுந்திருக்காமலே இறந்துபோனார்.

காரியத்துக்குப் போனவன் நடுவில் ஒருமுறை பலகையைத் தேடினேன். சுவரோரம் இல்லை. பூங்காவனம் பொரி வைத்திருந்த தகர டின்னின் மேல் மூடியாகக் கிடந்தது. எப்போதிருந்தோ அங்கேதான் இருந்திருக்க வேண்டும். மீனின் செதில்களுக்குள் பொரித் தூள் அடைந்திருந்தது. நான் அதையே பார்ப்பதை அவள் பார்த்தாள். பலகையைத் தூக்கி, ஒரு படி பொரி அளந்து என் துண்டில் கொட்டிவிட்டு, மறுபடி மூடினாள்.

"நல்லா பொருந்துதுண்ணே," என்றாள். "எறும்பு ஏறறதில்ல."